கிராபிக்ஸ் கார்டில் ஒரு பிறைப்பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஞாபக சக்தி போதாது என்று திரையில் எழுத்து வந்த அன்றைக்கு, அம்மா அடுப்படியில் இருந்தபடியே வல்லாரைக் கீரையைப் பற்றிச் சொன்னாள். கிண்டலுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவின் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இங்கிலீஷில் வந்த அந்த ஒற்றை வரியை அண்ணன்தான் தமிழில் மாற்றிச் சொல்லியிருந்தான். மெமரி என்றால் ஞாபக சக்தி. பத்தாம் வகுப்புப் படிக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

அப்போது நாங்கள் கொல்லிமலையில், வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பூர்வீகம் அடிவாரத்தில். மேலே தோட்டம் வாங்கி மிளகும் காப்பியும் போட்டு அங்கேயே தங்கிவிட்டார். நான் ஏழாம் வகுப்பு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் புதிதாக வந்ததல்ல. கீழே சேந்தமங்கலத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த மெஷின் அது. அவர்கள் வேறு வாங்கியபோது பழையதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பசங்கள் படிப்புக்கு ஆகும் என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். மாமா மடியில் மானிட்டரும் அண்ணன் மடியில் பெட்டியுமாக, எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வந்தது. எல்லா வளைவிலும் மாமா மானிட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் என்றும், இருபத்தெட்டாவது வளைவில் அண்ணன் வாந்தி எடுத்தான் என்றும் எங்கள் வீட்டில் வரலாறு. திருவளர்செல்வன், திருநிறைசெல்வி என்று அடித்தடித்தே கீபோர்டில் சில எழுத்துகள் அழிந்து போயிருந்தன.

படிப்புக்கு என்று வந்த அதில் நாங்கள் என்ன படித்தோம் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் படம் வரைந்தான், நான் சீட்டு அடுக்கினேன். அப்படியே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அந்த வருஷம் கோடை லீவுக்கு நாமக்கல்லில் இருந்து அத்தை மகன் வந்தான்.

அவனுக்கு அண்ணன் வயது. என்னை அவனுக்குக் கட்டிக்கொடுக்கப் போவதாகப் பெரியவர்கள் விளையாட்டுக்குச் சொல்லிச் சொல்லி, அவன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு எரிச்சலாக வரும். அவன் கையோடு ஒரு கார் பந்தய சிடி கொண்டு வந்திருந்தான். அவன் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர். எங்களுடையதில் அந்த சிடியைப் போட்டதும் உள்ளே அம்மி அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது, அப்புறம் அந்த ஞாபக சக்தி வரி வந்தது. மூன்று தடவை போட்டோம். மூன்று தடவையும் அதே வரி.

அத்தை மகன் சிரிக்கக்கூட இல்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது கம்ப்யூட்டரே இல்ல. டிவி வெச்ச டைப்ரைட்டரு" என்றான்.

அண்ணன் மூஞ்சி செத்துப்போனது. நான் ரோஷத்தில் முந்திக்கொண்டு, ஆயுத பூஜை லீவுக்கு வா, அதற்குள் இதே கம்ப்யூட்டரில் உன் கார் ஓடும், ஓடவில்லை என்றால் என்னைக் கேள் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எப்படி ஓட வைப்பது என்பது பற்றி எனக்கு ஒரு யோசனையும் கிடையாது. சிடியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். இப்போது நினைத்தால் அதுவே பெரிய அவமானம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே தூசியும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. உள்ளே இருந்த ராம் பதினாறு, விளையாட்டு கேட்பது முப்பத்திரண்டு, அதனால் இன்னொரு பதினாறு போட வேண்டும் என்றார். ராம் என்பது விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான ஒரு பச்சைப் பட்டை. அதில்தான் ஞாபகம் இருக்கிறதாம். அது போக, படம் ஓட்டுவதற்குத் தனியாக ஒரு கார்டும் போட்டால் கார் நன்றாகவே ஓடும், ஆனால் அது முக்கியமில்லை, முதலில் ராம் என்றார் மாமா.

நாங்கள் அப்பாவிடம் போய் நின்றோம். அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றுக்கு ஒரு கயிறு வாங்குவதென்றாலும் சேந்தமங்கலத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் கயிற்றை முறுக்கிப் பார்த்து, முதல் கடைக்கே திரும்பி வந்து வாங்குகிற ஆள். கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். பொருளைப் பார்த்தால் அதன் விலை அவர் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் ராம் விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "இருக்கற ஞாபகத்த வெச்சுப் படிங்க சாமி, போதும்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

நாங்கள் விடவில்லை. கம்ப்யூட்டரின் எதிர்காலம் பற்றி அண்ணன் ஒரு பக்கம் எழுதிக் காட்டினான். நான் மிளகு பறிக்கிற ஆட்களின் பெயரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொன்னேன். இவர்கள் பெயரெல்லாம் எனக்கே தெரியுமே என்றார் அப்பா. ஆடி வந்தது, ஆவணியும் வந்தது. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டே இருந்தது. அத்தை மகன் வந்து சிடியைப் போட்டு, அந்த வரி திரும்ப வந்து, அவன் துண்டை உதறுவதாக எனக்குக் கனவே வந்தது.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றியும் என் விரலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

மாமா சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். மாடியில் ஒரு ஹால், ஆறு கம்ப்யூட்டர், இரண்டு டேபிள் ஃபேன், ஜன்னலுக்கு ஊதா ஸ்கிரீன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. சட்டையை எப்போதும் பேண்ட்டுக்குள் விட்டிருப்பார். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது தடவை குழம்பு கேட்பதற்குக்கூட யோசிப்பார். அம்மாவே பார்த்து ஊற்றினால்தான் உண்டு.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மாவும் அண்ணனும் நானும் சென்டருக்குப் போயிருந்தோம். மாமா ஆறு பெட்டியையும் திறந்து, சைக்கிள் பம்ப் வைத்துத் தூசியை ஊதி, உள்ளே இருந்த சாமான்களைக் கழற்றித் தரையில் பேப்பர் விரித்துப் பரப்பி வைத்திருந்தார். இது ராம், இது கார்டு, இது டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ராம் என்றதும் அம்மா அந்தப் பட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ராமன் பேரு வெச்சிருக்கறாங்கன்னா நல்ல சாமானாத்தான் இருக்கும்" என்றாள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார்கள். பெட்டிக்கு வெளியே மட்டும் வைத்தால் போதுமா, உள்ளே இருந்து வேலை செய்வது இவர்கள்தானே என்று நான் பேப்பரில் கிடந்த ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். ராமுக்கு வைத்தேன், கார்டுக்கு முன்னாலும் பின்னாலும் வைத்தேன். மாமா பதறிப்போய், "அந்தத் தங்கப் பல்லு மேல மட்டும் வெச்சுராத அம்மிணி, கரண்டு அது வழியாத்தான் போகுது" என்றார். நான் வைக்கவில்லை. ஓரமாகத்தான் வைத்தேன்.

இனி விரல். என் வலது கை மோதிர விரலுக்கு நுனி கிடையாது. ஐந்து வயதில், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷினுக்குள் பழம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். பழத்தோடு விரலும் போனது. அப்பா தன் தலைத்துண்டைக் கிழித்து விரலைச் சுற்றி, உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, தோட்டத்து ஜீப்பில் எழுபது வளைவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்று அம்மா சொல்வாள். எனக்கு அதெல்லாம் ஞாபகமில்லை. காயம் ஆறியபோது விரலின் நுனி ஒரு பக்கம் சாய்வாக முடிந்திருந்தது. அந்த விரலால் சந்தனம் எடுத்து வைத்தால் பொட்டு உருண்டையாக விழாது. மூன்றாம் பிறை மாதிரி, ஒரு பக்கம் வளைந்தும் இன்னொரு பக்கம் வெட்டினது போலவும் விழும். வேறு விரலால் வை என்று ஒருவரும் சொன்னதில்லை. மண்வெட்டி, ஏணி, தராசு, சைக்கிள் என்று வீட்டில் எதில் பிறைப்பொட்டு இருந்தாலும் அது நான் வைத்தது. அம்மிணி பொட்டு என்று அதற்குப் பெயரே உண்டு.

சரி, கதைக்கு வருகிறேன். புரட்டாசி பிறந்த வாரம் அப்பா மிளகை மண்டியில் போடச் சேந்தமங்கலம் போனார். பொழுதிருக்கவே திரும்பிவிட்டார். வழக்கமாகச் சந்தையில் யார் யாரைப் பார்த்தேன், யார் என்ன விலை சொன்னான் என்று அரை மணி நேரம் சொல்வார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கைகால் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் மெதுவாக ஏதோ பேசினார். அப்பா அடுப்படிக்குள் உட்கார்ந்து நான் பார்த்தது கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டு, "அந்த ராமோ கீமோ கேட்டீங்களே, மாமன்கிட்டச் சொல்லி வாங்கிக்கிட்டா என்ன?" என்றார்.

அண்ணன் வாயில் நுரையோடு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். என்னுடைய பேச்சுத் திறமைதான் மூன்று மாதம் ஊறி இப்போது வேலை செய்திருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். அண்ணன் தான் எழுதிய கட்டுரையால்தான் என்றான். இதற்காக நாங்கள் சண்டைகூடப் போட்டோம்.

மாமா வரவழைக்கப்பட்டார். சேலத்துக்குப் போய்ப் புதுசாகவே வாங்கி வா என்று அப்பா பணத்தை எடுத்து நீட்டினார். விலை என்ன என்று கேட்கவில்லை. கயிறு வாங்க நாலு கடை பார்க்கிற மனுஷர், முன்னே பின்னே பார்த்திராத ஒரு சாமானுக்கு விலையே கேட்காமல் பணம் கொடுக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் என்றால் அப்பாவுக்குப் பயம், அதனால்தான் கேட்கவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

மாமா பணத்தை வாங்கி எண்ணாமல் பையில் வைத்தார். "மிச்சம் இருந்தா கொண்டாந்து தாரேனுங்க மச்சான்" என்றார். மிச்சத்தைப் பற்றி யார் கேட்டது என்றார் அப்பா.

மூன்றாம் நாளே ராம் வந்தது. பளபளவென்று இருந்தது. பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார் மாமா. புதுசை எதற்கு மாமா தேய்த்திருக்கிறது என்று அண்ணன் கேட்டதற்கு, புதுசாக இருந்தாலும் ஒரு தடவை தேய்த்துத்தான் போட வேண்டும் என்றார். தொழில் தெரிந்தவர் சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டோம். பட்டையை இடத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. அம்மா தூரத்தில் நின்று கும்பிட்டாள்.

சிடியைப் போட்டோம். அந்த வரி வரவில்லை. கார் வந்தது. சிவப்புக் கார். நான் கத்தியே விட்டேன். ஆனால் கார் ஓடவில்லை. நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு படம் வரும், நிற்கும், யோசிக்கும், இன்னொரு படம் வரும். ஒரு வளைவு திரும்புவதற்குள் எனக்குக் கழுத்து வலித்தது. எங்கள் மலை பஸ்ஸே பரவாயில்லை.

மாமா உட்கார்ந்து செட்டிங்கைத் திறந்தார். இருக்கிற வசதிக்குத் தக்கபடி இதில் சிலதைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். முதலில் காருக்கு நிழலை எடுத்தார். கொஞ்சம் நகர்ந்தது. மேகத்தை எடுத்தார். வேடிக்கை பார்க்கிற ஜனங்களை எடுத்தார். எதிர்க் கார்கள் எட்டை இரண்டாக்கினார். படத்தைச் சின்னதாக்கி, திரை நடுவில் அஞ்சலட்டை அளவுக்குக் கொண்டுவந்தார். கடைசியாக ரோட்டோரத்து மரங்களை எல்லாம் எடுத்தார். ஒரு சொடுக்கில் ஒரு மரமும் இல்லாமல் போனது. கார் குபுக்கென்று முன்னால் பாய்ந்தது.

அப்பா கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுலயும் மரத்த வெட்டித்தான் ரோட்டுல போகோணுமாக்கும்" என்றார். மாமா சிரித்தார். அந்தச் சில மாதங்களில் மாமா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை, கார் ஓடுகிற சந்தோஷத்தில் இருந்தேன்.

இருந்தாலும் அது முழு ஓட்டம் இல்லை. வளைவு வந்தால் திக்கியது. மரமில்லாத, ஆளில்லாத, வெறும் ரோட்டில் திக்கித் திக்கி ஒரு கார் போவதைப் பார்த்தால் அத்தை மகன் துண்டை உதறத்தான் செய்வான். இதை எப்படி அப்பாவிடம் சொல்வது என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவே மாமாவிடம் கேட்டார். "இன்னும் எதாச்சும் போடோணுமா மாப்ள இதுக்கு?"

அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அண்ணன் என் காதில் சொன்னான்.

மாமா காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "கார்டு ஒண்ணு போட்டா நல்லா இருக்குமுங்க மச்சான். இல்லாட்டியும் பரவால்லீங்க" என்றார். பரவாயில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நல்ல சமயத்தில் காரியத்தைக் கெடுக்கப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் அப்பா எழுந்து உள்ளே போய்ப் பணம் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவையும் விலை கேட்கவில்லை. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கார்டு வந்தது ஆயுத பூஜைக்கு முதல்நாள். அத்தை மகன் மறுநாள் காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். வெள்ளி நிறக் கவரில் போட்டு, பின் அடித்து, அதற்குமேல் ஒரு துணிப்பை சுற்றி மாமா கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து, உள்ளே குனிந்து, எந்தக் குழியில் சொருகுவது என்று பார்த்துக்கொண்டே, "அதப் பிரிச்சுக் குடு கண்ணு" என்று என்னிடம் கை நீட்டினார். அண்ணன் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றாள்.

நான் பின்னைப் பிடுங்கி, கார்டை ஓரத்தைப் பிடித்து வெளியே எடுத்தேன். முன்பக்கம் சுத்தமாக இருந்தது. திருப்பினேன். பின்பக்கத்தில், வலது ஓரமாக, காய்ந்துபோன மஞ்சளில் ஒரு பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம் வெளுத்துப்போய் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் வளைந்து, இன்னொரு பக்கம் வெட்டினாற்போல இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யாரோ கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

"மாமா, இது நான் வெச்ச பொட்டு மாமா" என்றேன்.

மாமாவின் கை பெட்டிக்குள் இருந்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. "ஸ்க்ரூ டிரைவர எங்க வெச்சேன்" என்றார். ஸ்க்ரூ டிரைவர் அவர் கையில்தான் இருந்தது. நான் விடவில்லை. கார்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, போன வருஷம் சென்டரில் பூஜைக்கு நான் வைத்த பொட்டு இது, பிறை மாதிரி இருக்கிறது பாருங்கள், வேண்டுமானால் விரலை வைத்துப் பாருங்கள் என்று என் விரலையும் அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது.

அப்பா நாற்காலியில் இருந்து எழுந்து வந்து கார்டை என் கையில் இருந்து வாங்கினார். அந்தப் பொட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான் பார்த்தார்.

"பொட்டுன்னா எல்லாப் பொட்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும். சேலத்துக் கடைக்காரங்களும் பூஜை போடுவாங்கல்லொ. போயி மாமாவுக்குத் தண்ணி கொண்டா போ" என்றார். கார்டை மாமாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போது பொட்டு இருந்த பக்கம் அடியில் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. எல்லாப் பொட்டும் ஒன்றா? என் பொட்டு எல்லாப் பொட்டும் மாதிரியா? ஊரே அம்மிணி பொட்டு என்று சொல்கிறது, பெற்ற அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லையா? தண்ணியைக் கொண்டுபோய் டொக்கென்று வைத்துவிட்டு மிளகு காயப்போடுகிற களத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே கார் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை திக்காமல் ஓடியது. அண்ணன் ஓடிவந்து மரமெல்லாம் திரும்ப வந்துவிட்டது, மேகம்கூட இருக்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. மாமா சாப்பிடாமலேயே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அப்பா அவரோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்து போனார். வழக்கமாக வாசலோடு சரி.

மறுநாள் பூஜைக்கு நான் பொட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவே எல்லாவற்றுக்கும் வைத்தாள். வரிசையாக உருண்டைப் பொட்டுகள். வீட்டுச் சாமான்களே வேறு யார் வீட்டினுடையவோ போலத் தெரிந்தன. கடைசியில் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, கம்ப்யூட்டருக்கு மட்டும் நீ வை சாமி என்றார். நான் வேண்டுமென்றே இடது கை விரலால் எடுத்து வைத்தேன். அச்சடித்தது போல உருண்டையாக வந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரோடு நான் பேசவில்லை. மொத்தம் இரண்டு நாள் பேசவில்லை.

அத்தை மகன் வந்தான். சிடியைப் போட்டு மூன்று ரவுண்டு ஓட்டினான். "நல்லாத்தான் ஓடுது" என்றான். அவ்வளவுதான். வாசலூர்பட்டி ஏரிக்குப் போய்ப் படகில் போகலாமா என்று உடனே அண்ணனைக் கேட்டான். டைப்ரைட்டர் என்று சொன்னதே அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் நாலு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

தை மாதத்தில் மாமா சென்டரை மூடிவிட்டார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். நான் கேட்ட ஒரே கேள்வி, இனிமேல் நம்ம கம்ப்யூட்டர் ரிப்பேரானால் யார் பார்ப்பார்கள் என்பது. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போய் ஊருக்கு வந்திருந்த ஒரு நாள், மேலே அட்டத்தில் கிடந்த பழைய சாமான்களை எடைக்குப் போட இறக்கினோம். அந்தக் கம்ப்யூட்டரும் இருந்தது. அம்மாவுக்கு அப்போதும் அதைத் துடைக்காமல் கொடுக்க மனம் வரவில்லை. துடைத்துக்கொண்டே, வெண்டைக்காய் விலை சொல்கிற மாதிரி, ஒன்றைச் சொன்னாள். அந்தப் புரட்டாசியில் அப்பா மிளகு போடப் போனபோது சென்டருக்கு ஏறிப் போயிருக்கிறார். ஆறு கம்ப்யூட்டரில் மூன்றுதான் மிச்சம் இருந்திருக்கிறது. படிக்க ஒருவரும் இல்லை. மாமா தனியாக உட்கார்ந்து மூடியிருந்த கம்ப்யூட்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அப்பா செலவுக்கு வைத்துக்கொள் என்று பணம் நீட்டியிருக்கிறார். மாமா வாங்கவில்லை. "வாங்கற ஆளா அவன். அதுக்கப்பறந்தான் உங்கப்பாவுக்கு ராமு ஞாபகம் வந்துச்சு" என்றாள். மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து பெட்டியைத் திறந்தேன். கார்டைப் பிடுங்கித் திருப்பினேன். குங்குமம் முழுக்கப் போயிருந்தது. சந்தனம் மட்டும் ஒரு கறையாக, பிறை மாதிரி, அப்படியே இருந்தது. வீட்டுக்குள் அப்பா யாரோடோ போனில் மிளகு விலை பேசிக்கொண்டிருந்தார். நான் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். விரல் வளர்ந்துவிட்டது, ஆனால் அந்தச் சாய்வு மாறவில்லை.

அந்த விரலை எழுபது வளைவும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கியவர் அப்பா. அது யார் வைத்த பொட்டு என்று தெரிந்துகொள்ள அவருக்கு நான் தூக்கிக் காட்டியிருக்கவே வேண்டியதில்லை. நான் என்னடாவென்றால், அவருக்கு என் பொட்டு தெரியவில்லை என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.